செய்வித்தவரின் கணக்கு

சோறு கொடுத்தால் தானம், மருந்துக்குக் கொடுத்தால் தானம். செய்திக்குக் கொடுத்தால் அது என்ன?

இதைக் கேட்டவர் என் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. பாலக்காடு மாவட்டத்து முதலமடையில் எங்கள் தெருக்கோயில் திருவிழா என்றால் அன்னதானப் பொறுப்பு அவருடையது. அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, இலை யார் தோட்டத்திலிருந்து வரும் என்று எல்லாக் கணக்கும் அவர் மனத்திலேயே இருக்கும். நான் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவள். செய்திகளில் எது மெய், எது பொய் என்று சரிபார்த்துச் சொல்லும் ஒரு தளத்துக்கு மாதாமாதம் இருநூறு ரூபாய் அனுப்புகிறேன். போனில் அந்தக் குறுஞ்செய்தி வந்தபோது மாமா பக்கத்தில் இருந்தார்.

"அம்மிணி, பசிச்சவனுக்குப் போட்டா அவன் மொகத்துல தெரியும். பேப்பர்காரனுக்குக் குடுத்தா எங்க போய்ப் பாக்கறது? இது புண்ணியக் கணக்குல வருமா, வெறும் செலவுக் கணக்குல வருமா?"

மெய்யாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். அவருக்கு அன்று நான் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடப் பார்க்கிறேன்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் கொடுக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2021 ஜூலையில் கண்ணூர் மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்கு 18 கோடி ரூபாய் விலையுள்ள ஒரே ஒரு ஊசி மருந்து வேண்டியிருந்தது. சில நாள்களில் தேவைக்கு மேலேயே பணம் வந்து குவிந்தது. இனி அனுப்ப வேண்டாம் என்று அவர்களே சொல்ல வேண்டியதாயிற்று. 2024 ஏப்ரலில், சவூதி சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருந்த ஒரு கோழிக்கோட்டுக்காரரை மீட்க 34 கோடி ரூபாயை மலையாளிகள் உலகெங்கும் இருந்து திரட்டினார்கள். காய் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிற பெண்களும் எங்கள் மண்டியில் ஆளுக்கு ஐம்பது, நூறு என்று அனுப்பினார்கள். அனுப்பத் தெரியாதவர்களுக்கு நான் போனில் அழுத்திக் கொடுத்தேன். அதை யாரும் செலவு என்று சொல்லவில்லை. ஓர் உயிர், ஒரு முகம், ஒரு கடைசித் தேதி இருந்தன. அந்தத் தேதிக்குள் சேர்ந்துவிட்டது.

செய்திக்கு முகமும் கிடையாது, தேதியும் கிடையாது. அது இல்லாமல் போனதுகூட உடனே தெரியாது. போர்க்காலத்தில்தான் தெரியும்.

2025 மே மாதம், இந்தியா-பாகிஸ்தான் சண்டையின்போது அதைப் பார்த்தோம். சீசன் முடியும் நேரம், நீலம் காய் வந்துகொண்டிருந்தது. எட்டாம் தேதி இரவு நாட்டின் பெரிய தொலைக்காட்சிகள் சில, நம் கடற்படை கராச்சித் துறைமுகத்தை அடித்து நொறுக்கிவிட்டது என்று அறிவித்தன. அப்படி எதுவுமே நடக்கவில்லை. மறுநாள் மண்டியில் அதைச் சொல்லிச் சொல்லிப் பையன்கள் பெட்டி தூக்கினார்கள். அதே ஒன்பதாம் தேதி, வாசகர்களின் நன்கொடையில் நடக்கும் 'தி வயர்' தளம் இந்தியாவில் தடுக்கப்பட்டது. பொய் சொன்னவற்றில் எதன் திரையும் இருளவில்லை. ஆல்ட் நியூஸ் போன்ற சிறிய தளங்கள் உட்கார்ந்து ஒவ்வொரு வீடியோவாக எடுத்து, இது பழைய படம், இது வேறு நாட்டுப் படம், இது விளையாட்டுச் செயலியில் எடுத்தது என்று பிரித்து வைத்தன. எல்லையோரத்து ஊர்களில் குண்டுக்குப் பயந்து ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிய நாள்கள் அவை. தப்பான செய்தியை நம்பி ஒருவன் ஓடினால் சாவுக்கு நேரே ஓடலாம்.

மாமா இதைக் கேட்டுவிட்டு, "சரிதான் கண்ணு. ஆனா சோத்துக்கு அடுத்துதானே இதெல்லாம்?" என்றார். அன்னதானம் செய்கிறவர் அப்படித்தான் கேட்பார், கேட்கவும் வேண்டும். அவருக்கு நான் வாகரையைப் பற்றிச் சொன்னேன்.

இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்புக்கு வடக்கே கடலோரம் இருக்கிறது வாகரை. 2006 இறுதியில் அங்கே சண்டைக்கு நடுவே ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் சிக்கிக்கொண்டன. கொழும்பிலிருந்து ஒரு சிறு ஆங்கில மாத இதழ் அப்போது வந்துகொண்டிருந்தது. பெயர் 'நார்த் ஈஸ்டர்ன் மன்த்லி'. நடத்தியவர் ஜெ. எஸ். திசைநாயகம். வாகரை ஜனங்களுக்கு உணவும் மருந்தும் எரிபொருளும் மறுக்கப்படுகின்றன, பட்டினி போட்டு அவர்களை ஊரைவிட்டுக் கிளப்பப் பார்க்கிறார்கள் என்று அதன் நவம்பர் இதழில் எழுதினார். 2008 மார்ச் 7 அன்று கைதானார். போர் முடிந்து மூன்று மாதம் கழித்து, 2009 ஆகஸ்ட் 31 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவருக்கு 20 ஆண்டுக் கடுங்காவல் விதித்தது.

அந்த இருபது எப்படி வந்தது என்பதைக் கணக்கு எழுதுகிறவள் என்பதால் நான் பிரித்துப் பார்த்தேன். இதழை நடத்த உடன்பட்டுச் சதி செய்ததற்கு ஐந்து, எழுதி வெளியிட்டதற்கு ஐந்து, இதழுக்குப் பணம் திரட்டியதற்குப் பத்து. எழுத்தைவிடப் பணத்துக்கு இரண்டு மடங்கு. உலகம் முழுதும் அவருக்காகப் பேசியது. 2010 மே 3 அன்று, உலக பத்திரிகைச் சுதந்திர நாளில், குடியரசுத் தலைவர் மன்னிப்பு அளித்ததாக அறிவித்தார்கள். எழுத்தைப் பிழைக்க வைப்பது காசு என்பது அந்தச் சட்டத்துக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் அது இன்னும் முழுதாகப் புரியவில்லை.

அவர் எழுதியது எதைப் பற்றி என்று மறுபடி பாருங்கள். சோறு மறுக்கப்பட்டதைப் பற்றி. வாகரைக்கு அன்று யாராலும் அரிசி மூட்டை கொண்டுபோக முடியவில்லை, வழி அடைபட்டுக் கிடந்தது. வழி அடைபட்ட இடத்திலிருந்து வெளியே வரக்கூடியது சேதி மட்டும்தான். சேதி வந்தால்தான் யாராவது அரிசியைப் பற்றியே பேசுவார்கள்.

1943 வங்கப் பஞ்சமும் இப்படித்தான். இரண்டாம் உலகப் போர்க் காலம். முப்பது லட்சம் பேர் வரை செத்தார்கள் என்கிறார்கள். பஞ்சம் என்ற சொல்லையே அரசு விரும்பாத நேரத்தில், கல்கத்தாவின் 'தி ஸ்டேட்ஸ்மன்' ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் ஆகஸ்ட் 22 அன்று தெருவில் கிடந்தவர்களின் புகைப்படங்களை அச்சிட்டார். அவர் ஆங்கிலேயர், அரசும் ஆங்கிலேய அரசு. அந்தப் படங்களுக்குப் பிறகுதான் டெல்லியும் லண்டனும் இதை மறைக்க முடியாது என்று உணர்ந்தன. மக்களாட்சியும் சுதந்திரமான பத்திரிகையும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வருவதில்லை என்று பிற்பாடு அமர்த்தியா சென் வாதிட்டார். ஒன்பது வயதில் அந்தப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

2025 ஜூலை 21 அன்று ஏஎஃப்பி செய்தி நிறுவனத்தின் பத்திரிகையாளர் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. காசாவில் இருக்கும் தங்கள் சகாக்கள் பட்டினியில் செத்துப்போகக்கூடும், அவர்களுக்கு வேலை செய்யவே தெம்பு இல்லை என்று அதில் சொன்னார்கள். இதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். சோறா செய்தியா என்று நாம் இங்கே உட்கார்ந்து பட்டிமன்றம் நடத்தலாம். அங்கே இரண்டும் ஒரே உடம்பில் இருந்தன. மாமா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளைகளுக்குப் பணம் போகுமா?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் இதோடு நிறுத்திவிட்டால், செய்திக்குக் கொடுப்பதும் ஒருவகை அன்னதானம் என்று சொல்லி எளிதாகத் தப்பிவிட்டதாக ஆகும். அப்படி அல்ல என்று நினைக்கிறேன். அன்னதானத்தில் இல்லாத ஒரு பாரம் இதில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது சமணம்.

பாலக்காட்டில் ஜைனிமேடு என்று ஓர் இடம். கருங்கல்லில் கட்டிய பழைய சமணக் கோயில் அங்கே இருக்கிறது. எட்டாம் தீர்த்தங்கரர் சந்திரப்பிரபருக்கு உரியது. குமாரன் ஆசான் 1907இல் 'வீணபூவு' எழுதியது அந்த வட்டாரத்தில் தங்கியிருந்தபோதுதான் என்பதால் மலையாளிகளுக்கு அந்தப் பெயர் தெரியும். இப்போது அங்கே வழிபடும் சமணக் குடும்பங்கள் சொற்பம். பாலக்காடு போகும்போது எனக்கு நேரமிருந்தால் அந்தக் கல்மண்டபத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவேன். சமணத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதும் அதனால்தான்.

செயல் ஒன்றை மூன்று வழியாக ஒருவன் செய்கிறான் என்கிறது சமணம். தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்வதற்கு உடன்படுவது. மூன்றிலும் வினை ஒட்டும். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே தருகிறது. எண்ணுவது, ஆயத்தம் செய்வது, தொடங்குவது என மூன்று நிலை. மனம், வாக்கு, உடல் என மூன்று கருவி. செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூன்று. சினம், செருக்கு, வஞ்சம், பேராசை என நான்கு. எல்லாவற்றையும் பெருக்கினால் 108. உயிருக்குள் வினை நுழைகிற வாசல்கள் 108. நாள் முழுதும் பெட்டி எண்ணிக்கையைப் பெருக்கிக்கொண்டிருக்கும் எனக்கு இந்தக் கணக்கு மனத்தில் அப்படியே பதிந்துவிட்டது.

இதன்படி பார்த்தால் பசித்தவனுக்குச் சோறு போட்டதும் என் செயல் முடிந்துவிடுகிறது. அவன் சாப்பிட்டுவிட்டு எங்கே போனான், என்ன செய்தான் என்பது அவன் கணக்கு. ஒரு பத்திரிகைக்குக் கொடுத்தால் முடிவதில்லை, அப்போதுதான் தொடங்குகிறது. அந்தப் பத்திரிகை நாளைக்கு எழுதப்போவதை நான் செய்விக்கிறேன். அது மெய் எழுதினால் எனக்கு அதில் பங்கு. பொய் எழுதி, அதை நம்பி ஒரு தெருவே பற்றி எரிந்தால் அதிலும் எனக்குப் பங்கு. திசைநாயகத்துக்குப் பத்து ஆண்டு கொடுத்த சட்டம் கொடுமையானது. ஆனாலும் பணம் கொடுப்பவர் வெளியாள் அல்ல என்ற ஒரு விஷயத்தில், தலைகீழாக நின்றபடியே, அது சரியான இடத்தைத்தான் தொட்டது.

இந்தக் கணக்கில் நாம் விரும்பாத வரவுகளும் உண்டு. 1987 அக்டோபர் 10 அன்று யாழ்ப்பாணத்தில் 'ஈழமுரசு', 'முரசொலி' என்ற இரண்டு தமிழ்ப் பத்திரிகைகளின் அச்சகங்களை வெடி வைத்துத் தகர்த்தது இந்திய அமைதிப் படை. நம் படை, நம் வரிப்பணம். அந்த இயந்திரங்களை நாம் கையால் தொடவில்லை, வெடித்தது பலருக்கு இன்றுவரை தெரியவும் தெரியாது. செய்வித்தவர் பட்டியலில் நம் பெயர் இல்லை என்று எப்படிச் சொல்வது?

நல்ல பக்கமும் அதே வழியில்தான் வருகிறது. எங்கள் சித்தூர் தாலுகாவில் பிளாச்சிமடை இருக்கிறது. 2002 ஏப்ரலில் கோகோ கோலா ஆலைக்கு எதிராக மயிலம்மாவும் மற்ற ஆதிவாசிப் பெண்களும் அங்கே உட்கார்ந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது, அதில் சோறு வேகவில்லை என்று அவர்கள் சொன்னதை முதலில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆலையின் கழிவு மண்ணை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்து வந்தார்கள். 2003 ஜூலையில் பிபிசி வானொலி அந்த மண்ணை எடுத்துப்போய் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் சோதித்து, அதில் காரீயமும் காட்மியமும் இருப்பதை ஒலிபரப்பியது. அதற்குப் பிறகுதான் இங்குள்ள அதிகாரிகளும் சோதிக்க ஓடினார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. நின்றதற்கு முதல் காரணம் அந்தப் பெண்களின் உறுதிதான். ஆனால் அந்தச் சோதனைக்குப் பணம் யாருடையது? பிரிட்டனில் வீட்டுக்கு வீடு ஆண்டுதோறும் பிபிசிக்குக் கட்டணம் கட்டுகிறார்கள். மான்செஸ்டரிலோ லீட்ஸிலோ ஒரு பஸ் டிரைவர் கட்டிய காசு பிளாச்சிமடை மண்ணைச் சோதித்தது. பிளாச்சிமடை என்று ஓர் ஊர் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. தெரியாமலே செய்வித்தார். மாமா கேட்ட முகம் அதுதான். கொடுத்தவருக்கு அது கடைசிவரை தெரியாது, தண்ணீர் குடிக்கிறவர்களுக்குத் தெரியும்.

சமணர்கள் தானத்தை நான்காகச் சொல்கிறார்கள். உணவு, மருந்து, சாத்திரம், அபயம். மூன்றாவதாக வரும் அறிவுத் தானம் முதல் இரண்டுக்கும் சமமாகவே நிற்கிறது. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் அத்திமப்பே என்ற சமணப் பெண், பொன்னன் எழுதிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதச் செய்து தானமாகக் கொடுத்தார். அச்சு இல்லாத காலத்தில் ஆயிரம் ஓலைப் படிகள்! நான்காவதான அபயத்துக்கு எங்கள் பாலக்காட்டிலேயே சாட்சி உண்டு. 1910 செப்டம்பர் 26 அன்று திருவிதாங்கூர் அரசு, வக்கம் மௌலவி நடத்திய 'சுதேசாபிமானி'யின் அச்சகத்தைப் பறிமுதல் செய்து, ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்தியது. ஒரு திவானைக் குறைசொல்லி எழுதியதற்குத் தண்டனை. அப்படி ஊர் இழந்தவருக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தவர் பாலக்காட்டு எழுத்தாளர் தரவத்து அம்மாளு அம்மா. போர்க்களத்தில் நிற்கும் ஒரு சிறு பத்திரிகைக்கு இன்று காசு அனுப்புகிறவர் இந்த இரண்டு பெண்களும் செய்ததைச் சேர்த்துச் செய்கிறார். எழுதவும் வைக்கிறார், எழுதியவர் தனியாக இல்லை என்றும் சொல்கிறார்.

யாழ்ப்பாணத்தில் 'உதயன்' அலுவலகத்துக்குள் 2006 மே 2 அன்று ஆயுதக்காரர்கள் புகுந்து ஊழியர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஆகஸ்டில் ஏ9 சாலை மூடப்பட்டு, அச்சுக் காகிதத்துக்கே தட்டுப்பாடு வந்தது. பத்திரிகை நிற்கவில்லை. உக்ரைனில் 2021 நவம்பரில், வேலையிலிருந்து நீக்கப்பட்ட பத்திரிகையாளர்கள் கூடித் தொடங்கியது 'கீவ் இன்டிபென்டன்ட்'. மூன்று மாதத்தில் போர் வந்துவிட்டது. அதைத் தாங்கியது உலகெங்கும் இருந்து இணையத்தில் வந்த சில்லறைக் காசு. 2006 யாழ்ப்பாணத்துக்கு அப்படி ஒரு வழி இருந்திருந்தால் என்று எனக்குத் தோன்றாத நாள் இல்லை.

அப்போது மாமா இன்னொன்று கேட்டார். "காசு குடுக்கறவனுக்குப் புடிச்ச மாதிரிதானே எழுதுவான்?"

கேள்விகளிலேயே பெரியது இதுதான். ஒரே முதலாளி கொடுத்தால் அவர் முகம் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும். பல்லாயிரம் பேர் இருநூறு இருநூறாகக் கொடுத்தால் யாரும் தனியாக உத்தரவு போட முடியாது. தொகை சிறியதாக இருப்பதே பத்திரிகைக்குக் காவல். இது உண்மை, ஆனால் பாதி உண்மை. அந்தப் பல்லாயிரம் பேரும் ஒரே பக்கத்து ஆள்களாக இருந்துவிட்டால்? போரில் அப்படித்தான் ஆகும். அடிபடுகிறவன் என் இனம், அவன் பத்திரிகைக்குத்தான் நான் கொடுப்பேன். என் இனத்தார் செய்த தவறை அது எழுதிய அன்று என் கை பின்னால் போகும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நான்கு பேர் சேர்ந்து 'முறிந்த பனை' என்ற நூலை எழுதினார்கள். இலங்கை அரசு, இந்தியப் படை, விடுதலைப் புலிகள், மற்ற இயக்கங்கள் என யாரையும் அது விட்டுவைக்கவில்லை. அவர்களில் ஒருவரான மருத்துவர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றவர்களில் சிலர் தலைமறைவாக இருந்து அறிக்கைகள் எழுதினார்கள். போருக்கென்று தமிழர்கள் உலகெங்கும் அள்ளிக் கொடுத்த ஆண்டுகள் அவை. எல்லாப் பக்கத்துப் பிணங்களையும் எண்ணிய இவர்களுக்கு எத்தனை பேர் கொடுத்திருப்பார்கள்? இதை ஈழத்தாரைக் குறை சொல்லும் நோக்கில் எழுதவில்லை. வீட்டில் இழவு விழுந்தவனிடம் நடுநிலை கேட்க எனக்கு உரிமை கிடையாது. தூரத்தில், பத்திரமாக, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பணம் அனுப்புகிற என்னிடம் கேட்கலாம்.

என்னிடம் கேட்க வேறு இடம் தேட வேண்டாம், முதலமடையே போதும். நாட்டின் மற்ற இடங்களுக்கு முன்னால் இங்கே காய் இறங்கும். அந்தப் பெயரில்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். தோப்புகளில் அடிக்கும் மருந்தைப் பற்றியும், எண்டோசல்பானால் ஊனமாகப் பிறந்ததாகச் சொல்லப்படும் குழந்தைகளைப் பற்றியும் செய்திகள் வந்தன. அந்தப் பூச்சிமருந்தை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் நாடு முழுதும் தடை செய்தது. கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் சக்கிலியர் மக்களைத் தள்ளி வைக்கிறார்கள் என்று 2017இல் எழுதினார்கள். அப்படி எழுதும்போதெல்லாம் நம் ஊர் மானம் போகிறதே என்றுதான் இங்கே முதலில் பேசினார்கள். விலை இறங்கிவிடும் என்ற பயமும் கூடவே இருந்தது. அந்தச் செய்திகள் என் சம்பளத்தைத் தொட்டன. அவை வந்திருக்க வேண்டியவைதான். எதிரியின் பொய்யை உடைக்க இருநூறு ரூபாய் கொடுப்பது எளிது. என் மண்டியின் மெய்யை எழுதவும் அதே இருநூறைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நான் செய்வித்தது செய்தி அல்ல, என் சினம். 108இல் அதற்கும் ஒரு வாசல் இருக்கிறது.

வள்ளுவர் ஒப்புரவுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு அதற்கடுத்த அதிகாரமும் வைத்தார். ஈகை என்பது இல்லாதவனுக்குக் கொடுப்பது. ஒப்புரவு ஊருக்காக இருப்பது. ஊர் குடிக்கிற குளம் அங்கேதான் வருகிறது. மாமா நடத்தும் அன்னதானம் ஈகை. என் இருநூறு ரூபாய் ஒப்புரவின் பக்கம் சேர்ந்தது என்று நான் எண்ணுகிறேன். குளத்துக்குத் தண்ணீர் விட்டவன் தன் ஜாதி மட்டும், தன் கட்சி மட்டும் குடிக்கட்டும் என்று சொல்லத் தொடங்கினால் அங்கே ஒப்புரவு செத்துப்போகும்.

பயம் இல்லையா என்றால், உண்டு. 2022 ஜூனில் ஆல்ட் நியூஸின் முகமது ஜுபைர் கைதானபோது, வெளிநாட்டுப் பணம் வந்ததா என்று தேடினார்கள். இந்திய வங்கிக் கணக்கிலிருந்து மட்டுமே வாங்குகிறோம் என்றது அந்தத் தளம். ஆனாலும் பணம் வாங்கிக் கொடுக்கும் இணைய நிறுவனம் நன்கொடை கொடுத்தவர்களின் விவரத்தைப் போலீசுக்குக் கொடுத்தது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். இங்கே இரண்டு கைக்கும் முன்னால் காவல் நிலையத்துக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் என் பெயர் ஏதோ ஒரு பட்டியலில் இருக்கலாம் என்று தெரிந்தே அனுப்புகிறேன். செய்வித்தவள் என்று ஒப்புக்கொண்ட பிறகு பெயரை மறைத்துக்கொள்வதும் பொருந்தவில்லை. உங்கள் நிலைமை வேறாக இருக்கலாம். அரசு வேலையில் இருப்பவர், போர் நடக்கும் நாட்டிலேயே வாழ்பவர், பெயர் வெளியே வந்தால் உயிருக்கு ஆபத்து உள்ளவர் ஆகியோரைக் கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் வாசித்தாலே போதும்.

மாமாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். இது புண்ணியக் கணக்கிலும் வராது, செலவுக் கணக்கிலும் வராது. கூட்டு வியாபாரத்தில் போட்ட பங்கு. லாப நஷ்டம் இரண்டுக்கும் நான் பொறுப்பு. ஆகவே போட்டுவிட்டு மறந்துவிட முடியாது, எழுதுவதை வாசிக்க வேண்டும். தப்பு எழுதினால் கேட்க வேண்டும். திருத்திக்கொள்ளவே மாட்டேன் என்கிற பத்திரிகைக்கு நிறுத்தத்தான் வேண்டும், அங்கே நான் பொய்யைச் செய்விக்கிறேன். மெய் எழுதி என்னை நோகடித்தால் நிறுத்தக் கூடாது.

அவர் அன்னதானத்தை விடப்போவதில்லை, விடவும் கூடாது. ஆனால் எப்படி அனுப்புவது என்று காட்டச் சொல்லி, தன் போனை என்னிடம் நீட்டினார்.

இதை வாசிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. குண்டு விழும் வாரத்தில் எல்லோரும் அனுப்புவார்கள். பிறகு பேச்சு ஓய்ந்ததும் கை நின்றுவிடும். பத்திரிகைக்குக் காகிதமும் வாடகையும் சம்பளமும் தேவைப்படுவது அந்த ஓய்ந்த மாதங்களில்தான். உங்களால் முடிந்த சிறு தொகையை ஒரு பத்திரிகைக்கு, அது எந்த ஊரின் எந்த மொழியினதாக இருந்தாலும், மாதாமாதம் கொடுங்கள். ஒரு நாள் அது உங்கள் ஆள்களைப் பற்றியும் கசப்பான ஒன்றை எழுதும். சரிபார்த்துப் பாருங்கள். மெய்யாக இருந்தால், அந்த மாதம் நிறுத்திவிடாதீர்கள்.